முகத்தைப் பாராதே, தோளைப் பார்

கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் ஓர் இராணுவ முகாமுக்குள்ளால்தான் போகிறோம். பழகிப்போனதால் அது மனதில் தைப்பதில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசல், மான் கூட்டம், இரண்டு பக்கமும் ஆமிக் கட்டடங்கள், பிறகு வரிசையாகக் கடைகள், அதற்கும் அப்பால் சுவாமி மலை. வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைத் தட்டோடு நடக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஜீப் வரும். காவலுக்கு நிற்கிற சிப்பாய் விறைப்பார். சில ஜீப்புகளுக்குத் துவக்கின் மேல் உள்ளங்கையால் 'டப்' என்று ஓர் அடி. வேறு சில ஜீப்புகளுக்குத் துவக்கை இரண்டு கையாலும் உடம்புக்கு முன்னே நிமிர்த்திப் பிடிப்பார். இரண்டும் மரியாதைதான், ஆனால் ஒரே அளவு மரியாதை இல்லை. உள்ளே இருக்கிறவரின் தோளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இந்தக் கணக்குத் தெரியாமலே இந்த ஊரில் ஒரு ஆயுளைக் கழிக்கலாம். ஆனால் திருகோணமலைக்காரருக்கு அதைக் கற்றுக்கொள்ள வேறு ஊர்க்காரரை விட வாய்ப்பு அதிகம். டொக்யார்ட்டில் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகமும் கடற்படை அகடமியும், சீனக்குடாவில் விமானப்படை அகடமி, கோட்டைக்குள் இராணுவம். மூன்று படையையும் ஒரே பஸ் பயணத்தில் பார்த்துவிடலாம். மூன்றுக்கும் மூன்று விதமான அடையாளங்கள்.

எனக்கு இதில் முதல் பாடம் சொன்னவர் என் சித்தப்பா. டொக்யார்ட்டில் சிவில் ஊழியராக, பிற்றராக வேலை பார்த்தவர். "முகத்தைப் பாக்காதையடா, தோளைப் பார்" என்பார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பிடித்து வைத்துவிட்டால், அதைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் மன்றாடிக்கொண்டு நிற்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "கெஞ்சுறதெண்டாலும் ஆளறிஞ்சு கெஞ்ச வேணும்" என்பது அவருடைய சொல். பட்டியும் நட்சத்திரமும் பொதுமகனுக்கு எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது: யாரால் முடிவெடுக்க முடியும் என்று அறிவதற்கு.

இராணுவத்திலிருந்து தொடங்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அடையாளம் கையிலா தோளிலா என்பதை. மேற்கையில் 'வி' வடிவில் கீழ்நோக்கிய பட்டி இருந்தால் அவர் சாதாரண தரத்தவர். ஒரு பட்டி லான்ஸ் கோப்ரல், இரண்டு பட்டி கோப்ரல், மூன்று பட்டி சார்ஜன்ட், மூன்று பட்டிக்கு மேலே அரச இலச்சினையும் இருந்தால் ஸ்டாப் சார்ஜன்ட். ஒன்றுமே இல்லாவிட்டால் சிப்பாய். அமெரிக்கப் படங்களில் இந்தப் பட்டிகள் கூரை மாதிரி மேல்நோக்கி இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கே தலைகீழாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைப்பதுண்டு. தலைகீழ் இல்லை, பிரித்தானிய வழக்கம்.

தோளில் இருந்தால் அதிகாரி. ஒரு நட்சத்திரம் இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கப்டன். நாலாவது நட்சத்திரம் என்று ஒன்று இல்லை. கப்டனுக்கு மேலே போனதும் நட்சத்திரமெல்லாம் கழன்று, இலச்சினை ஒன்று மட்டும் வரும், அவர் மேஜர். அதாவது மூன்று நட்சத்திரக்காரரை விட, ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் பெரியவர். எண்ணிப் பார்க்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பிறகு இலச்சினையோடு மறுபடி நட்சத்திரம் சேரத் தொடங்கும்: ஒன்று சேர்ந்தால் லெப்டினன்ட் கேணல், இரண்டு கேணல், மூன்று பிரிகேடியர். அதற்கும் மேலே குறுக்காக வைத்த வாளும் கோலும் வந்துவிட்டால் ஜெனரல் வரிசை. கேணலிலிருந்து மேலே சட்டைக் கொலரில் சிவப்புத் துணியும் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நட்சத்திரத்தை விட அதுதான் முதலில் தெரியும்.

அந்த இலச்சினை இருக்கிற இடத்தில் 1972 வரைக்கும் பிரித்தானிய முடி இருந்தது. குடியரசானதும் முடியை எடுத்துவிட்டு இலங்கையின் இலச்சினையை வைத்தார்கள். ஏணி மாறவில்லை, ஒரு படியில் இருந்த பொம்மை மட்டும் மாறியது. இந்தியா அதே இடத்தில் அசோகச் சிங்கத்தை வைத்தது. அதனால் இங்கே படிக்கக் கற்றவர் மீனம்பாக்கத்தில் இறங்கினாலும் ஒரு மேஜரை அடையாளம் காணலாம். கோட்டையின் பெயரே அந்தக் காலத்துப் பிரித்தானியத் தரைப்படையின் தலைமைத் தளபதி, யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர்தான். பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி, பீல்ட் மார்ஷலும் ஆன ஆர்தர் வெல்லஸ்லி 1800ஆம் ஆண்டு வாக்கில் இங்கே வந்து நின்றபோது வெறும் கேணல்.

இடையில் ஒரு வகையினர் இருக்கிறார்கள், வாரன்ட் அதிகாரிகள். பெயரில் அதிகாரி என்று இருக்கும், இலச்சினையும் இருக்கும், ஆனால் அது தோளில் இல்லை, மணிக்கட்டுப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கடேற் பயிற்சிக்குப் போன காலத்தில் நான் செய்த கூத்து இந்த இடத்தில்தான். எங்களுக்கு வந்த பயிற்றுநர் வாரன்ட் அதிகாரி. நல்ல உயரம், மீசை, தொண்டை கிழிகிற குரல். இலச்சினையைக் கண்டதும் மேஜர் என்று முடிவு கட்டி, முதல் நாளே காலைத் தரையில் அடித்து ஒரு சலூட் வைத்தேன். மனிதர் திட்டவில்லை. தன் தோளில் விரலை வைத்து, வெறுந்துணியை இரண்டு தரம் தட்டிக் காட்டினார். "இங்க ஒண்டும் இல்ல தம்பி. எனக்கு சலூட் இல்ல" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். தொப்பியும் இல்லை. ஒரே சலூட்டில் இரண்டு பிழை.

சரி, கடற்படைக்கு வருவோம். இந்த ஊருக்கு அதுதான் முக்கியம், சிக்கலும் அங்கேதான். நட்சத்திரம் கிடையாது, தங்க நிறக் கோடுகள். கறுப்பு மேலங்கியில் அவை மணிக்கட்டைச் சுற்றி இருக்கும். நம்முடைய வெயிலுக்கு அணிகிற வெள்ளை உடுப்பில் தோள்பலகைக்கு ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோட்டில் ஒரு சின்ன வளையம் சுழித்துக்கொண்டு நிற்கும். அந்த வளையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வர்த்தகக் கப்பல் மாலுமிகளும் விமானம் ஓட்டுகிறவர்களும் கடற்படையைப் பார்த்துத்தான் கோடு போடத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்குக் கோதுமையோ சிமெந்துக் கிளிங்கரோ கொண்டு வரும் கப்பலின் கப்டனுக்கும் தோளில் நாலு கோடு இருக்கலாம். அவருக்கு யாரும் சலூட் வைக்க வேண்டியதில்லை.

ஒரு கோடு சப் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், இரண்டுக்கு நடுவில் மெல்லிய கோடொன்று நுழைந்தால் லெப்டினன்ட் கொமாண்டர், மூன்று கொமாண்டர், நாலு கப்டன். பிறகு கோடு தடித்துவிடும். தடித்த கோடு தனியே இருந்தால் கொமடோர். அதன்மேல் சாதாரணக் கோடு ஒவ்வொன்றாக ஏற, ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல். கடற்படைத் தளபதி வழக்கமாக வைஸ் அட்மிரல். கிழக்குக் கட்டளையைப் பார்ப்பவர் பெரும்பாலும் ரியர் அட்மிரல். கடற்படைச் சிப்பாய்களுக்கு நங்கூரம்: ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் சீமன், குறுக்காக இரண்டு என்றால் பெற்றி ஒபிசர்.

இப்போது பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். 'கப்டன்' என்று ஒரே சொல்லைப் போடுவார்கள். ஆமிக் கப்டன் மூன்று நட்சத்திரம், நூறு பேர் வரையான ஒரு கம்பனியில் இரண்டாவது ஆளாக இருக்கக்கூடிய இளைஞர், வயது இருபதுகளின் கடைசி. நேவிக் கப்டன் நாலு கோடு, ஆமிக் கேணலுக்குச் சமம், தலை நரைத்திருக்கும், ஒரு பெரிய கப்பலோ ஒரு முகாமோ அவர் பொறுப்பில் இருக்கும். இருவருக்கும் நடுவில் மூன்று படி வித்தியாசம். லெப்டினன்ட் என்ற சொல்லும் இப்படித்தான். கடற்படை லெப்டினன்ட், இராணுவக் கப்டனுக்குச் சமமானவர். ஒரு கூட்டத்துக்கு அழைப்பிதழ் எழுதும்போதும் ஆசன வரிசை போடும்போதும் இது எத்தனை மனஸ்தாபங்களைக் கிளப்பும் என்று பிரதேச செயலகங்களில் நிகழ்ச்சி ஒழுங்கு செய்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். என் யோசனை எளிது: கப்டன் என்று எழுதுவதற்கு முன்னால் ஆமியா நேவியா என்று ஒரு சொல்லைச் சேருங்கள். மை செலவு குறைவு.

விமானப்படைக்கும் கோடுகள்தான், கடற்படையின் அதே கணக்கு, வளையம் மட்டும் இல்லை, நிறம் வேறு. பெயர்கள் அழகானவை: பிளையிங் ஒபிசர், பிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கொமாண்டர், குரூப் கப்டன். அங்கும் நாலு கோடுக்காரர் பெயரில் கப்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவரும் கேணலுக்குச் சமம்.

தமிழ் வீடுகளுக்கு இந்தச் சொற்கள் புதிதில்லை. லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப். கேணல் என்பவை முப்பது வருடம் நம் வீட்டு வானொலியிலும் சுவரொட்டியிலும் இருந்தன. விடுதலைப் புலிகள் இறந்துபோன தங்கள் போராளிகளின் பெயருக்கு முன்னால் இவற்றை வைத்து அறிவித்தார்கள். வீரவேங்கை என்ற முதற்படி மட்டும் தமிழ்ச் சொல். அதற்கு மேலே உள்ள படிகளெல்லாம் அதே பிரித்தானிய ஏணி. எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் ஒரே ஏணியிலிருந்து பெயர் எடுத்தன. ஆனால் நம்மில் பலருக்கு அந்தச் சொற்கள் மரணச் செய்தியாகத்தான் காதில் விழுந்தன. தோளில் இருப்பதைப் படிக்கும் பழக்கம் அதிலிருந்து வரவில்லை, சாவடியிலிருந்து வந்தது.

இனி சலூட். யாருக்கு என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: கமிஷன் பெற்ற அதிகாரிக்கு. கமிஷன் என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். இது அதுவல்ல, நாட்டுத் தலைவர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் ஆணைப் பத்திரம். சலூட் அந்தப் பத்திரத்துக்குப் போகிறது. முந்தாநாள் அகடமியிலிருந்து வெளியே வந்த இருபத்திரண்டு வயது இரண்டாம் லெப்டினன்ட்டுக்கு, இருபத்தைந்து வருடம் களத்தில் கிடந்த வாரன்ட் அதிகாரி சலூட் வைப்பார். பார்க்கிற நமக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பொடியன் அடுத்த நிமிடம் 'அங்கிள், இதை எப்படிச் செய்வது' என்ற முகத்தோடு அவரிடமே யோசனை கேட்பதையும் பார்க்கலாம். ஆள் பிடிக்காவிட்டாலும் சலூட் வைக்க வேண்டும். ஆள் பிடித்தாலும் சார்ஜன்ட்டுக்கு வைக்கக் கூடாது.

கீழே உள்ளவர் முதலில் வைப்பார், மேலே உள்ளவர் திருப்பி வைப்பார். திருப்பி வைப்பது அவருடைய கடமை, தயவு இல்லை. கைநிறையப் பொருள் இருந்தால் வைக்க வேண்டியதில்லை, விறைப்பாக நின்றாலோ தலையைத் திருப்பினாலோ போதும். தொப்பி இல்லாவிட்டாலும் அப்படித்தான். நான் கடேற் காலத்தில் செய்த இரண்டாவது பிழைக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் முகமூடியைத் தூக்கிக் காட்டியதிலிருந்து சலூட் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், நம்ப எனக்கு மனமில்லை. அதைவிடத் தொப்பிக் கதை பொருத்தமாக இருக்கிறது. பெரியவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது ஐரோப்பிய வழக்கம். 1745இல் பிரித்தானியாவின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படையணி, அதிகாரியைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பியில் தொட்டு எடுத்தால் போதும் என்று உத்தரவு போட்டது. கழற்றுவது தொடுவதாகச் சுருங்கியது, தொடுவது சலூட்டானது. நம்மவர் சந்நிதிக்கு முன்னால் தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சால்வையே போடாமல் வந்தவர் எதை எடுத்துக் கட்டுவார்? தொப்பி இல்லாத தலைக்கு சலூட் இல்லை என்பதும் அதே கதைதான். சினிமாவில் கதாநாயகர் வெறுந்தலையோடு கொடிக்கு சலூட் வைத்துக் கண்கலங்கும்போது, படையில் இருந்தவர்கள் சிரிப்பது இதற்குத்தான். அமெரிக்கா போன்ற சில இடங்களில் விதிகள் வேறு, அதை விட்டுவிடலாம்.

கையின் தோற்றமும் படைக்குப் படை வேறு. ஆமிக்காரரின் உள்ளங்கை முன்னால் பார்த்து விரிந்திருக்கும், விமானப்படையிலும் அப்படித்தான். கடற்படைக்காரர் உள்ளங்கையைக் கீழே சாய்த்து மறைத்துக்கொள்வார். பாய்மரக் கயிறும் தாரும் பிடித்து அழுக்கான கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாது என்று வந்த பழக்கம் என்று மாலுமிகள் பரம்பரையாகச் சொல்வார்கள். இந்திய விமானப்படை 2006இல் இரண்டுக்கும் நடுவில், 45 பாகை சாய்வுக்கு மாறிவிட்டது. டொக்யார்ட் வீதியில் இருட்டு நேரத்தில் உடுப்பின் நிறம் தெரியாவிட்டாலும், உள்ளங்கை வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே எந்தப் படை என்று சொல்லலாம். சித்தப்பா சொல்லுவார்.

கடற்படைக்கு ஆளைத் தவிர இடத்துக்கும் சலூட் உண்டு. கப்பலில் ஏறுகிறவர், இறங்குகிறவர் அதன் பின்தளப் பக்கம் பார்த்து சலூட் வைப்பார். அங்கே ஒருவரும் நிற்க வேண்டியதில்லை. மூத்தவர் ஏறினால் விசில் ஊதுவார்கள், பொலிஸ் விசில் மாதிரி இல்லாமல் மெல்லியதாக, இழுத்து, ஏறி இறங்குகிற ஓசை. காலையில் கொடி ஏறும்போதும் பொழுதுபடும்போது இறங்கும்போதும் முகாமுக்குள் எல்லோரும் நின்ற இடத்தில் கொடியைப் பார்த்து விறைப்பார்கள். பீரங்கியும் ஒரு சலூட்தான். சுதந்திர தினத்தில் கொழும்பு காலிமுகத்திடல் வெளிச்சவீட்டுப் பக்கம் கடற்படை 25 வேட்டுகள் போடும்.

சலூட் இல்லாத இடம் எது? போர்க்களம். ஒருவருக்கு சலூட் வைப்பது, தூரத்தில் ஒளிந்திருக்கும் குறிசுடுநருக்கு 'இவர்தான் பெரியவர்' என்று விரல் நீட்டிக் காட்டுவது மாதிரி. அதனால் களத்தில் கை எழாது, நட்சத்திரமும் பளபளக்காது. பச்சையோடு பச்சையாக நூலில் தைத்திருக்கும். சண்டைக் காலத்தில் நம்மவர்களுக்கு யார் பெரியவர் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது சித்தப்பாவின் குறுக்குவழி வேறு: துவக்கு இல்லாமல், வயர்லெஸ்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பவரைத் தேடு.

உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போர் மயானம் இருக்கிறது. தரத்தைச் சொல்லாகப் படிக்க விரும்புகிறவருக்கு நல்ல இடம். ஒவ்வொரு கல்லிலும் பெயரோடு தரமும் படைச் சின்னமும் வெட்டியிருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய ஊர் இது. 1957இல்தான் பிரித்தானியர் தளங்களைக் கையளித்துவிட்டுப் போனார்கள். கல்லெல்லாம் ஒரே உயரம், தரம் பார்த்துப் பெரிதாக வைப்பதில்லை.

கடைசியாக, அதிகம் பேர் தயங்குகிற விஷயம். பொதுமகன் சலூட் வைக்க வேண்டுமா? வேண்டாம். யாருக்கும், எந்தத் தரத்துக்கும் வேண்டாம். சாவடியில் பயத்தில் கை நெற்றிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காலம் அப்படி. ஆனால் அதற்கு எந்த விதியும் இல்லை. தேசிய கீதத்துக்கு நேராக நின்றால் போதும். வணக்கம் சொல்லலாம், 'சேர்' என்று கூப்பிடலாம். அது சிப்பாயிலிருந்து ஜெனரல் வரை எவருக்கும் பிழையாகாது. தரம் தெரியாமல் மேஜர் என்று உயர்த்திக் கூப்பிடுவதுதான் சங்கடம். சார்ஜன்ட் மகிழ்வார் என்று நினைப்போம்; பக்கத்தில் உண்மையான மேஜர் நின்றால் அவர் பாடு திண்டாட்டம்.

வாசல் காவலாளிக்குத் திரும்புகிறேன். பிரித்தானிய மரபில், துவக்கோடு நிற்கும் காவலாளி கப்டன் வரையான அதிகாரிகளுக்குத் துவக்கில் தட்டி மரியாதை செய்வார். மேஜரும் அதற்கு மேலும் என்றால் துவக்கை முன்னே நிமிர்த்திப் பிடிப்பார். போன தைப்பூசத்துக்கு என் அக்காவின் மகன் என்னோடு கோயிலுக்கு வந்திருந்தான். பதினொரு வயது. ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போனது, பின்னால் 'டப்' என்று சத்தம். நான் திரும்பிப் பார்க்காமலே "கப்டன் போறார்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"ஆமிக் கப்டனா மாமா, நேவிக் கப்டனா?"

நான் வாயைத் திறக்கும் முன்னே அவனே யோசித்துச் சொன்னான். "நேவிக் கப்டன் எண்டால் சத்தம் கேட்டிருக்காது. துவக்கு மேல போயிருக்கும்."

அர்ச்சனைத் தட்டை அவனிடம் கொடுத்துவிட்டு நான் சால்வையைச் சரி செய்தேன்.